பழைய எலக்ட்ரிக் கிட்டார் காஸ்பல் (சர்ச்சுல பாடுற பக்திப் பாட்டு) ரெக்கார்டிங் இவ்ளோ மோசமா இருந்தும் ஏன் சிலருக்கு விட முடியல?

மோசம்தான், இல்லனு சண்டைக்கு வரல. முதல் தடவை கேட்டப்போ என் ஹெட்ஃபோன்தான் போச்சுனு கழட்டி ஊதிப் பாத்தவன் நான். ஆனா அந்தக் கரகரப்பு முழுக்க ரெக்கார்டிங் கோளாறு இல்லைங்க, பாதிக்கு மேல கிட்டார்லேர்ந்தே வர்றது. கிட்டார் சத்தத்தப் பெருசாக்குற சின்ன வால்வ் ஆம்ப், அது தாங்குற அளவுக்கு மேல வால்யூமை ஏத்தினா சத்தம் ஒடைஞ்சு கரகரங்கும். ஏத்தாம என்ன பண்றது, கைதட்டுறவங்க, டம்போரின் அடிக்கிறவங்க, எந்திரிச்சு நின்னு கத்துறவங்க எல்லாரையும் தாண்டி கேக்கணும்ல.

இது அமெரிக்கக் கறுப்பின மக்களோட பெந்தெகொஸ்தே சபைகள்ல வளந்த சங்கதி. கிட்டார்னாலே சாராயக்கடை சமாச்சாரம்னு பல பேரு மூஞ்ச சுளிச்ச காலத்துல, சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் மாதிரி சபைங்க பைபிள்ல சங்கீதம் 150-லயே எல்லா வாத்தியமும் வருதேனு உள்ள விட்டுட்டாங்க. அங்கேர்ந்து வந்தவங்கதான் சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1915-ல ஆர்கன்சால பொறந்தவங்க, அம்மாவே ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ணவங்க.

அவங்க 1964-ல இங்கிலாந்து மான்செஸ்டர்ல பாடின வீடியோ யூட்யூப்ல இருக்கு, அத மொதல்ல பாருங்க. மூடிப்போன ஒரு ரயில்வே ஸ்டேஷன், ஒரு பிளாட்ஃபார்ம்ல ஜனங்க, எதிர் பிளாட்ஃபார்ம்ல இவங்க. குதிரை வண்டில வந்து இறங்கி, மழைல நனைஞ்ச தரைல ஹீல்ஸோட பாத்து பாத்து நடந்து வந்து, கோட்டுக்கு மேலயே வெள்ளை கிப்சன் எஸ்ஜி கிட்டாரை மாட்டிக்கிட்டு, பெய்யிற மழைக்குப் பொருத்தமா நோவா காலத்து மழையப் பத்தின பாட்டையே எடுப்பாங்க. அப்புறம் நடுவுல ஒரு சோலோ வரும் பாருங்க. வேகம்னு பாத்தா இன்னைக்கு பதினஞ்சு வயசுப் பையன் வாசிச்சிடுவான், ஆனா அந்தக் கொழுப்பு வராது (நல்ல அர்த்தத்துலதான் சொல்றேன்).

என்னை இழுத்தது எதுன்னா, இதுல கிட்டார் பின்பாட்டு இல்ல, அதுவும் ஒரு ஆளு. போதகர் சொன்னா சபை பதில் சொல்ற பழக்கம் இருக்குல்ல, அதேதான் இங்க கம்பில நடக்குது, பாதி வரி பாடிட்டு வாய மூடிடுவாங்க, மீதிய கிட்டார் சொல்லும். 70-கள்ல லூசியானாவுல ரெவரெண்ட் சார்லி ஜாக்சன் போட்ட சிங்கிள்ஸ்ல இது இன்னும் பச்சையா இருக்கும், ஒரு குரல், ஒரு கிட்டார், தட்டுற சத்தம் கொஞ்சம், அவ்ளோதான், மறைஞ்சு நிக்க இடமே இல்ல. நியூ ஆர்லியன்ஸ்ல யூட்டா ஸ்மித்னு ஒரு போதகர், முதுகுல பெரிய இறக்கை கட்டிக்கிட்டு எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாரு, எனக்கு ரெண்டு இறக்கை இருக்குனு பாடுறதுக்கு. எனக்கு இந்த ஆளு மேல தனி பிரியம்.

எல்லாமே கத்தலும் இல்ல. ஸ்டேபிள் சிங்கர்ஸ்ங்கிற குடும்பக் குழு 1956-ல ரெக்கார்ட் பண்ண 'அன்க்ளவுடி டே' கேளுங்க. அதுல கிட்டார் வாசிச்ச அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ், மிசிசிப்பில ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் வாசிச்ச அதே டாக்கரி தோட்டத்துல வளந்தவரு, சர்ச்சுக்கு வந்தும் அந்த ப்ளூஸ் விரல விட்டு போகல. ட்ரெமலோ போட்டு வாசிப்பாரு, அதாவது சத்தம் சீரா கூடிக் கொறையும், தண்ணிக்கு மேல வெளிச்சம் ஆடுற மாதிரி, அதுக்கு மேல மகள் மேவிஸோட கட்டைக் குரல் வந்து உக்காரும், அப்போ அவங்களுக்கு 17 வயசு, நம்பவே மாட்டீங்க.

அந்த ட்ரெமலோவ ஃபோன் ஆப்ல செட் பண்ணி நானும் ரெண்டு வாரம் முக்கிப் பாத்தேன். பழைய டேபிள் ஃபேன் முன்னாடி உக்காந்து வாசிக்கிற மாதிரிதான் வந்துச்சு.