வாசகர் கேள்வி – பதில்: பச்சோந்திக்கு மண் வேண்டும்

கேள்வி: கட்டாரில் வேலை செய்யும் என் மைத்துனர், அங்குள்ள செல்லப்பிராணிக் கடையொன்றில் நீலமும் சிவப்புமாக மின்னும் மடகஸ்கார் பச்சோந்திகளைக் கண்டு படம் அனுப்பியிருந்தார். காட்டில் பிடிக்கப்பட்டவை என்பதால் விலை குறைவாம். ஒரு சோடியைக் கொண்டுவந்து வீட்டில் குஞ்சு பொரிக்க வைக்க விரும்புகிறேன். அது சரிவராவிட்டால், நமது நாட்டுப் பச்சோந்தியையே பிடித்து வளர்க்கலாமா?
– வாசகர் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமானது. இலங்கையில் இயற்கையாக வாழ்வது ஒரேயொரு பச்சோந்தி இனந்தான். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்திருப்பதால், அதைப் பிடிக்கவோ வீட்டில் வைத்திருக்கவோ முடியாது.

மைத்துனர் அனுப்பிய படத்தில் இருப்பது, உங்கள் வர்ணனையைக் கொண்டு பார்த்தால், சிறுத்தைப் பச்சோந்தியாக இருக்க வேண்டும். மடகஸ்காரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களில் வாழும் இந்த இனத்தில் ஆணின் நிறம் ஊருக்கு ஊர் மாறும்; நோசி பே தீவில் நீலப்பச்சை, அம்பிலோபே பக்கத்தில் சிவப்பும் நீலமும் கலந்த பட்டைகள் என்று அறிந்தவர்கள் நிறத்தைப் பார்த்தே ஊரைச் சொல்வார்கள். பெண் பெரும்பாலும் மங்கலான பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு நிறந்தான். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள விலங்கு என்பதால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிப்பத்திரமும், இங்கே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். பயணப் பெட்டிக்குள் உடுப்போடு உடுப்பாக வைத்துக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

பத்திரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தாலும், காட்டில் பிடித்த விலங்கைக் கொண்டு இனப்பெருக்கத்தைத் தொடங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிடித்த இடத்திலிருந்து கடைக்கு வந்து சேரும்வரை அது பல நாள் தண்ணீரில்லாமல் கிடந்திருக்கலாம். பச்சோந்திக்குத் தேங்கிய தண்ணீரைக் குடிக்கத் தெரியாது. இலையில் வழியும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும், ஆகவே கிண்ணம் நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாலும் கண்கள் குழிவிழுந்து வாடும். காட்டில் அடங்கிக் கிடந்த குடற்புழுக்கள், விலங்கு மிரண்டு பலவீனப்பட்டதும் பெருகத் தொடங்கும். அதன் வயதும் எவருக்கும் தெரியாது. சில ஆண்டுகளே வாழும் உயிரினத்தில் இது சிறிய விடயமன்று.

உண்மையான சிக்கல் பெண்ணிடம் இருக்கிறது. காட்டில் பிடித்த பெண், கடைக்கு வரும்போதே வயிற்றில் முட்டையோடு இருக்கலாம். சென்ற ஐப்பசியில், முதல் மழை விட்ட ஒரு காலையில், எங்கள் வளவில் முருங்கைமரத்தடியில் ஒரு பெண் ஓணான் முட்டையிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கால்களால் ஈரமண்ணைத் தோண்டி, முட்டைகளை இட்டு, மண்ணை இழுத்து மூடி, பின்னர் மூக்கு நுனியால் குத்திக் குத்தி அந்த இடத்தை இறுக்கியது. நான் நான்கடி தூரத்தில் நின்றதைக்கூட அது பொருட்படுத்தவில்லை. பச்சோந்திக்கும் இதே தேவைதான். கூட்டில் ஓரடி ஆழத்துக்காவது, சுரங்கம் தோண்டினால் இடிந்து விழாத ஈரமான மணலும் மண்ணும் கலந்து இருக்க வேண்டும். அது கிடைக்காத பெண், கூட்டின் அடியில் மூலைக்கு மூலை பிறாண்டிக்கொண்டு அலையும்; முட்டையை இடாமல் அடக்கி வைத்து, ஈற்றில் இறந்தும் போகும். வீட்டில் வளர்ப்போர் பெண் பச்சோந்தியை இழப்பதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று.

முட்டைகள் கிடைத்துவிட்டாலும் அவசரப்பட முடியாது. 10 முதல் 40 வரையான முட்டைகள், பொரிக்க 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். வளர்ப்போர் அவற்றை 22 முதல் 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க முயல்வார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது அறைகளின் வெப்பம் 30 பாகைக்கு மேல் நிற்கிறது; மார்கழி இரவுகளில்கூட 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரூட்டி இரவு பகலாக ஓட வேண்டும், மின்சாரம் தடைப்படக் கூடாது. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

இன்னொன்று. ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் வைக்காதீர்கள். இணைசேரும் வேளைக்கு மட்டும் சேர்த்து, பெண் வாய் பிளந்து எதிர்த்தால் உடனே பிரித்துவிட வேண்டும். நீங்கள் ஆசைப்பட்ட அந்த மின்னும் நிறம்கூட, எதிரியையோ பெண்ணையோ கண்டு ஆண் கிளர்ந்தெழும்போது வருவது. தோலிலுள்ள ‘குவானின்’ என்ற பொருளின் நுண்ணிய படிகங்களுக்கு இடையிலான இடைவெளி விரிவதால் பச்சை மஞ்சளாக மாறுகிறது என்று ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 இல் காட்டினார்கள். அமைதியாக இருக்கும் ஆண் இவ்வளவு பகட்டாக இராது. நாள் முழுவதும் அந்த நிறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் முழுவதும் அதைச் சினமூட்ட வேண்டும்.

அனுமதி கிடைக்குமானால், கூட்டிலேயே பிறந்து வளர்ந்த ஓர் இளம் ஆணை மட்டும் வாங்கி ஒரு வருடம் வளர்த்துப் பாருங்கள். சோடியைப் பற்றி அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வேலியில் கழுத்துச் சிவந்து தலையை ஆட்டும் பிராணி பச்சோந்தியா?
– வாசகி ஒருவர், வாழைச்சேனை

பதில்: இல்லை, அது இணைசேரும் காலத்து ஆண் ஓணான். வாலைப் பாருங்கள்: பச்சோந்தி வாலைச் சுருட்டிக் கிளையைப் பற்றிக்கொள்ளும், ஓணானின் வால் சாட்டைபோல நீண்டு தொங்கும்.