பல் டாக்டரால் வாய்ப்புற்றை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். என் அம்மா விஷயத்தில் கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம். அம்மா கல்யாணமாகி வந்ததிலிருந்து பீடி சுற்றுகிறார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாயில் வெற்றிலை பாக்கும் இடது கன்னத்தில் அடக்கிய ஒரு சிட்டிகைப் புகையிலையும் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல் வலி என்று வேலூரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பல்லோடு நிறுத்தவில்லை. நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்துக்கொண்டு இரண்டு ஓரத்தையும் பார்த்தார். நாக்குக்கு அடியில் ஒரு விரல், தாடைக்குக் கீழே இன்னொரு கை என்று வைத்து அமுக்கிப் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கன்னத்தை விலக்கியபோது, புகையிலை அடக்கும் அதே இடத்தில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைத் திட்டு. துடைத்துப் பார்த்தார், போகவில்லை. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கு முந்தின வருடம் வேறொரு இடத்தில் பல் பிடுங்கினோம். அங்கே யாரும் கன்னத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

கண்ணால் பார்த்துப் புற்று என்று முடிவு சொல்ல முடியாது. சந்தேகம்தான் வரும். உறுதி செய்யக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டும். "வலியே இல்ல, இன்னாத்துக்கு சதை எடுக்கணும்? கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்களே" என்று அம்மா பயந்தார். அப்படிப் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதை எடுத்தார்கள். செல்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன, இன்னும் புற்றாகவில்லை என்று ரிசல்ட் வந்தது. திட்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வலி இல்லை என்பதை நம்பவே கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதிலும் நம் வேலூர் வெயிலில் வாயில் எது வந்தாலும் 'சூடு' என்று சொல்லி, மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையுமாக மாதங்களை ஓட்டிவிடுகிறோம். சூட்டுப் புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். ஆறாவிட்டால் காட்டியே ஆக வேண்டும். சிவப்புத் திட்டு என்றால் வெள்ளையைவிட ஆபத்து அதிகம், தள்ளிப் போடாதீர்கள்.

இதற்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. கேரளாவில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2005-இல் வந்தது. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதனால் பல் டாக்டரிடம் எதற்குப் போனாலும், என்ன பழக்கம் என்பதை மறைக்காமல் சொல்லி, "வாய் முழுக்கப் பாருங்க" என்று கேளுங்கள்.

புகையிலையை அம்மா உடனே விட்டுவிட்டார். 'வெறும் பாக்குதானே' என்று பாக்கை விடத்தான் மாதக்கணக்கானது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். போன தடவை, அம்மாவோடு பீடி சுற்றும் அக்கா ஒருவரையும் அழைத்துப் போனோம். குழம்பு வாயில் பட்டாலே எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார் டாக்டர். இரண்டுக்கு மேல் போகவில்லை. பாக்கினால் கன்னத்துச் சதை உள்ளே இறுகிப்போயிருக்கிறதாம். அதுவும் பின்னால் புற்றாக மாறக்கூடியது. அவருக்குச் சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அம்மாவோடு சேர்ந்தே போகிறார்.