'தான்' எல்லாம் 'ஒன்லி' ஆகுமா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கடைமடை. ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பது நான்தான். 'வீ ஆர் டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் ஒன்லி' என்று எழுதினேன். கல்லூரியில் படிக்கும் மகள் அந்த 'ஒன்லி'யை அடித்துவிட்டாள். 'நாங்கள் கடைமடை விவசாயிகள்தான்' என்பதை வேறு எப்படி எழுதுவது?

மு., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள மு.,

மகள் அடித்தது சரி. உங்கள் 'தான்' அழுத்திச் சொல்கிறது. 'ஒன்லி' குறைத்துச் சொல்கிறது. படிக்கிறவருக்கு அது 'நாங்கள் வெறும் கடைமடை விவசாயிகள்' என்றே படும். உரிமை கேட்கும் மனுவில் அப்படி ஒரு சொல் வரவே கூடாது. அழுத்தம் வேண்டுமானால், 'இட் இஸ் த டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் ஹூ சஃபர்' என்று எழுதுங்கள். கடைமடைக்காரர்கள்தான் கஷ்டப்படுகிறார்கள் என்பது அதில் முழுதாக வந்துவிடும்.

'தான்' வரும் இடத்தில் 'மட்டும்' போட்டுப் பாருங்கள். 'ரெண்டு மா நிலம்தான் நட்டேன்' என்பதில் பொருந்துகிறது, 'ஒன்லி' போடலாம். 'மனுவை நான்தான் எழுதினேன்' என்பதில் பொருள் மாறுகிறது; அங்கே 'ஐ மைசெல்ஃப் ரோட் இட்'.

காலத்துக்கு இந்தச் சோதனை செல்லாது. 'தண்ணி ஜூலை கடைசியிலதான் வந்துச்சு' என்பதில் 'மட்டும்' ஒட்டாது. ஆனாலும் 'த வாட்டர் கேம் ஒன்லி இன் லேட் ஜூலை' சரியான ஆங்கிலம். அதற்கு முன் வரவில்லை என்று பொருள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பதை முந்தின வரியில் எழுதிவிடுங்கள். தாமதம் அந்த 'ஒன்லி'யிலேயே தெரிந்துவிடும்.

அதிகம் தவறுவது இடத்தில். நம் 'மட்டும்' சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். 'ஒன்லி' பெரும்பாலும் முன்னால் நிற்கும். 'ஒன்லி டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் காட் சீட்' என்றால் கடைமடைக்கு மட்டும் விதை கிடைத்தது. 'டெயில் எண்ட் ஃபார்மர்ஸ் காட் ஒன்லி சீட்' என்றால் விதை வந்தது, உரம் வரவில்லை. பேச்சில் 'வீ ஒன்லி காட் சீட்' என்பார்கள், குரல் காட்டிக்கொடுக்கும். காகிதத்துக்குக் குரல் கிடையாது. 'மெம்பர்ஸ் ஒன்லி' மாதிரிப் பின்னால் வருவது பெரும்பாலும் அறிவிப்புப் பலகை வழக்கம்.

காலத்தைச் சொல்லும் 'ஒன்லி' வாக்கியத்தின் தலையில் வந்தால் வினை முன்னே நகரும்: 'ஒன்லி ஆஃப்டர் த ரெயின் டிட் வீ சோ'. 'வீ சோவ்டு' என்று விட்டால் பிழை. 'ஒன்லி த்ரீ வில்லேஜஸ் காட் வாட்டர்' என்பதில் எதுவும் நகராது. அங்கே அது எழுவாயோடு சேர்ந்தது.