தென்னாப்பிரிக்காவின் வான் ரீனன் மலையேற்றத்தில் வண்டியின் ஏசி காற்று முன்கண்ணாடிக்குப் போகிறதா?

ஏசிக்குக் குளிர்வாயு நிரப்பிக் காசைக் கரைக்காதீர்கள். ஏற்றத்தில் மட்டும் காற்று முகத்தை விட்டு முன்கண்ணாடிக்குப் போய், சமதளத்தில் திரும்பி வருகிறது என்றால் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம்) கசிவாகத்தான் இருக்கும். பழைய பெட்ரோல் பக்கியில் (பிக்கப் வண்டியில்) காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது எஞ்சின் வேக்குவம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் அது குறையும். அப்போது வேக்குவத்தைச் சேமிக்கும் டப்பாவில் உள்ள இருப்பை ஒருவழி வால்வு காக்க வேண்டும். காக்காவிட்டால் ஸ்பிரிங் கதவைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும்.

காற்றை முகத்துக்கு வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். காற்று உடனே இடம் மாறினால் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். டப்பா பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், எஞ்சின் பக்கமிருந்து போகக் கூடாது. வால்வு சரி என்றால் ஹோஸ் நுனிகளைத் தடவிப் பாருங்கள். சூட்டில் ரப்பர் விரிசல் விட்டிருக்கும்.

பிரேக் பெடலும் இறுகியிருந்தால் மலையிறங்க வேண்டாம், பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டருக்கும் அதே வேக்குவம்தான். காற்றுக் கதவுகளுக்குச் சின்ன மோட்டார் வைத்த புது வண்டி என்றால் கதை வேறு.