பழைய பிரிண்டர், புதிய கணினி

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ் கடையில் கேனன் எல்பிபி 2900 பிரிண்டரைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். விண்டோஸ் 11 உள்ள கணினிக்கு மாறிய பிறகு பழைய சிடியிலிருந்து டிரைவரை (கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருளை) நிறுவ முடியவில்லை. இணையத்தில் தேடினால் பணம் கேட்கும் ‘டிரைவர் அப்டேட்டர்’களே வருகின்றன. என்ன செய்வது? (வாசகர், தென்காசி)

பதில்: பிரிண்டரில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பழைய சிடியில் இருப்பது அநேகமாக 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட டிரைவராக இருக்கும். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால் அதை ஏற்காது. அப்டேட்டர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தயாரிப்பாளர் இலவசமாகத் தருவதற்குத்தான் அவர்கள் விலை வைக்கிறார்கள்.

பல லேசர் பிரிண்டர்கள் புரிந்துகொள்ளும் ‘பிசிஎல்’ என்னும் அச்சு மொழிக்கான பொது டிரைவர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். உங்கள் பிரிண்டரில் அது நடக்காது. ‘கேப்ட்’ என்னும் முறையில் இயங்கும் இந்தப் பிரிண்டருக்காக, கணினியில் உள்ள டிரைவரே பக்கம் முழுவதையும் புள்ளிகளாக மாற்றிச் சுருக்கி அனுப்புகிறது. பிரிண்டர் அதை விரித்துத் தாளில் பதிப்பதோடு சரி. ஆகவே அதற்கென்றே எழுதப்பட்ட டிரைவர் இல்லாமல் அது ஒரு வரியைக்கூட அச்சிடாது.

கேனன் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, ‘கேப்ட் ஆர்1.50, பதிப்பு 3.30’ என்ற டிரைவரில் 64 பிட்டுக்கு உரியதைப் பதிவிறக்குங்கள். அடுத்து, பலரும் தவறுவது யுஎஸ்பி கேபிளில்தான். கேபிளை முதலிலேயே செருகிவிட்டால் விண்டோஸ் தானாக ஏதோ ஒரு சாதனமாக அதைப் பதிந்துகொள்ளும். பிறகு நிறுவும்போது ‘பிரிண்டரை இணைத்து ஆன் செய்யவும்’ என்ற திரையிலேயே எல்லாம் நின்றுவிடும். எனவே கேபிள் செருகியிருக்கும்போதே, கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் தெரியும் பதிவை நீக்கிவிட்டுக் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, நிறுவலைத் தொடங்கி, அந்தத் திரை வந்த பிறகே கேபிளைச் செருகிப் பிரிண்டரை ஆன் செய்யுங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம். கணினியில் நேரடியாகவே செருகுங்கள்.

கேள்வி: பெயர்ச்சீட்டு அழிந்துபோன பிரிண்டரின் மாடலை எப்படி அறிவது? (வாசகி, காரைக்குடி)

பதில்: பிரிண்டரை இணைத்து, டிவைஸ் மேனேஜரில் அதன் ‘புராப்பர்ட்டீஸ்’, ‘டீடெயில்ஸ்’ வழியாக ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே விஐடி (தயாரிப்பாளரைக் குறிக்கும் எண்) என்பதற்கு அடுத்து 04ஏ9 என்றிருந்தால் கேனன், 03எஃப்0 என்றால் எச்பி, 04பி8 என்றால் எப்சன். அதையடுத்து வரும், மாடலைக் குறிக்கும் பிஐடி எண்ணையும் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் மாடல் தெரிந்துவிடும்.