கரண்ட் இல்லை, கேன் வரவில்லை, சம்ப்பில் வெள்ளம்: குடிதண்ணீருக்கு என்ன வாங்கி வைப்பது?

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய், ஆர்ஓ மெஷின் நாள்கணக்கில் ஓடவில்லை. இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே தயாராக இருக்கலாம் என்று பார்க்கிறேன். ஆர்ஓவுக்கு இன்வெர்ட்டர் கனெக்‌ஷன் கொடுப்பதா, ஆன்லைனில் வருகிற உறிஞ்சுகுழல் ஃபில்டர் வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இன்வெர்ட்டர் கொடுத்தாலும் மேல்தொட்டியில் தண்ணீர் இருந்தால்தானே ஆர்ஓ ஓடும்? மோட்டார் நின்று தொட்டி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற மெஷினை ஓட்டுவது, இருக்கிற தண்ணீரையும் சாக்கடைக்கு அனுப்புகிற வேலை. உறிஞ்சுகுழல் ஃபில்டர் மலையேறுகிறவர்கள் ஓடைத் தண்ணீர் குடிப்பதற்காக வந்த பொருள். பாக்டீரியாவைப் பிடிக்கும், ஆனால் பெரும்பாலான மாடல்களில் வைரஸ் தப்பிப் போய்விடும். சாக்கடை கலந்த நகரத்து வெள்ளத்தில் மஞ்சள் காமாலை வைரஸ் பயம் நிஜமானது. தவிர, குழலில் உறிஞ்சி ஐந்து பேருக்கு உலை வைக்க முடியாது.

முதல் செலவு சேமித்து வைக்கத்தான் போக வேண்டும். குடிக்க, சமைக்க, பல் தேய்க்க என்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். உங்கள் ஏரியாவில் தண்ணீர் சீக்கிரம் வடியாது, அதனால் ஒரு வாரத்துக்குப் பாருங்கள்: ஏழு கேன். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூடியும் குழாயும் உள்ள உணவுத்தர பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கி, ரெட் அலர்ட் சொன்ன அன்றே நிரப்பிவிடுங்கள். குழாய் இருப்பது முக்கியம், ஏனென்றால் சுத்தமான தண்ணீர் கெடுவது பெரும்பாலும் சொம்பை விட்டு மொள்ளும்போதுதான்.

அடுத்தது ஒரு ஸ்பேர் சிலிண்டர். இண்டக்‌ஷன் அடுப்பை நம்பி இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம் இது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிஷம் ஆனால் கிருமி செத்துவிடும். நம் வீடுகளில் இருபது நிமிஷம் கொதிக்க விடுகிற பழக்கம் இருக்கிறது, தட்டுப்பாட்டு நாளில் அது கேஸை வீணாக்கும், தண்ணீரும் வற்றும். (ஊட்டி, கொடைக்கானல் மாதிரி 2000 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிஷம் வைக்க வேண்டும்.)

அப்புறம் குளோரின் மாத்திரை. மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும், இல்லையென்றால் வாங்கித் தரச் சொல்லுங்கள், விலையும் அதிகமில்லை. ஒரு லிட்டருக்கு ஒன்று, 20 லிட்டருக்கு ஒன்று என்று வேறு வேறு அளவில் வருவதால் அட்டையில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். வாடை பிடிக்கவில்லை என்றால் இரண்டு சுத்தமான பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றுங்கள், குறைந்துவிடும்.

சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு குடிக்கிற தண்ணீரைக் குறைக்காதீர்கள், அதுவும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும். குறைக்க வேண்டியது மற்றதில். இலையில் சாப்பிட்டால் தட்டு கழுவும் தண்ணீர் மிச்சம், அரிசி களைந்த தண்ணீரும் கை கழுவிய தண்ணீரும் கழிப்பறைக்குப் போகட்டும். கீசரில் 10 முதல் 25 லிட்டர் வரை தண்ணீர் நிற்கும், பலருக்கு அது ஞாபகமே வராது. சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, அதையும் பிடித்துக்கொள்ளலாம். குடிக்க என்றால் மட்டும் கொதிக்க வையுங்கள்.

கேள்வி: தேற்றான்கொட்டையை உரசிவிட்டால் எந்தத் தண்ணீரும் தெளிந்துவிடும், மாத்திரை எதற்கு என்கிறார் என் மாமியார். சரியா? (திருவொற்றியூர்)

பதில்: தெளியும் என்பதில் அத்தை சொல்வது சரிதான். கலங்கலை அடியில் இறக்குவதில் தேற்றான்கொட்டைக்கும் படிகாரத்துக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். அதனால் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் இறுத்து, துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் புடவையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டி, அதற்குப் பிறகு மாத்திரையோ கொதியோ. புடவை வடிகட்டலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பங்களாதேஷில் மத்லாப் பகுதிக் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியல் விஞ்ஞானி ரீட்டா கால்வெல் குழுவினர் செய்து, 2003இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வடிகட்டிக் குடித்தவர்களிடம் காலரா பாதியளவுக்குக் குறைந்திருந்தது. புதுப் புடவையைவிடப் பழசுதான் நன்றாக வடிகட்டும், நூல் பிரிந்து கண் சின்னதாகிவிடுகிறது.

உங்கள் பக்கத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2023இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. எண்ணெய், ரசாயனம் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மாத்திரை போட்டாலும் குடிக்க முடியாது. அதைத் தொடவே வேண்டாம், மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். முதல் பத்துப் பதினைந்து நிமிஷ மழையை விட்டுவிட்டு, சுத்தமான தார்ப்பாயை மொட்டை மாடியில் கட்டிப் பிடித்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

கேள்வி: போன வெள்ளத்தில் 20 லிட்டர் கேனை 150 ரூபாய்க்கு விற்றார்கள். கேட்டால் "வேணும்னா வாங்கு" என்றார்கள். எங்கே புகார் செய்வது? (தாம்பரம்)

பதில்: கேனில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது சட்டமுறை எடையளவு விதிகள் 2011இன்படி குற்றம், வெள்ளம் வந்தாலும் அதற்கு விலக்கு இல்லை. மாடி ஏற்றிக் கொடுக்கும் கூலி வேறு விஷயம், அதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வருகிறவருக்கு அது நியாயமும்கூட. லேபிளை போட்டோ எடுங்கள், யுபிஐயில் பணம் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். தொழிலாளர் துறையின் எடையளவு அதிகாரிகளிடமும் கொடுக்கலாம். விலையே அச்சிடாத கேன் என்றால் அதுவே தனிப் புகார். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிரப்பிய தேதி, உடையாத சீல் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். உள்ளே பச்சை படிந்த கேனை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தும் வேறு வழியில்லை என்றால் அதையும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: சம்ப்பில் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதுமா? (முடிச்சூர்)

பதில்: போதாது. முழுக்க இறைத்து, சேறு எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் பவுடருக்கே வேலை. 1000 லிட்டர் கொள்ளளவுக்கு 150 கிராம் கணக்கு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி, சம்ப்பை நிரப்பி, மேல்தொட்டிக்கும் ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு அத்தனையையும் வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர். இதைத் தொடங்கும் முன் ஆர்ஓவுக்குப் போகும் வால்வை மூடுங்கள், இவ்வளவு குளோரின் அதன் உள்ளே வடிகட்டுகிற மெம்பிரேனைக் கெடுத்துவிடும். மூட்டையில் திறந்து கிடக்கும் பவுடரை வாங்காதீர்கள், காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் போய்விடும். சீல் போட்ட பாக்கெட்டாக, பிரித்ததும் மூக்கில் ஏறுகிற வாடையோடு இருக்க வேண்டும். ஆசிட்டோடு கலந்துவிடக் கூடாது, விஷவாயு வரும்.

ஆள் இறங்குவதற்கு முன் மெயினை ஆஃப் செய்து, மூடியை வெகுநேரம் திறந்து வைத்து, மேலே இன்னொருவர் நிற்கட்டும். தனியாக யாரையும் இறக்காதீர்கள்.