பூக்காத ஹாத்தார்ன்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: ஹாத்தார்ன் என்ற குளிர்நாட்டு முள் பூமரம் ஒன்றை ஆறு வருடமாகப் போன்சாய் சட்டியில் வளர்க்கிறேன். குளிர்காலத்தில் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன், வசந்தம் வந்ததும் உரம் போடுகிறேன். இலையெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது, பூ மட்டும் ஒன்றுகூட வரவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். குளிர்காலத்தில் ஒழுங்காகக் கவாத்து செய்கிறீர்களே, முதல் சந்தேகம் அதன் மேல்தான். வரும் வசந்தத்தில் விரியவேண்டிய பூவுக்கான மொட்டை இந்த மரம் முந்தைய கோடையிலேயே கட்டி வைத்துவிடும். இலை கொட்டி, கிளை வடிவம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற நேரத்தில் நமக்குக் கை துறுதுறுக்கும், கத்தரியை எடுத்து ஓரமெல்லாம் அழகாக நறுக்குவோம், கீழே விழுந்து கிடப்பது அடுத்த வருடத்துப் பூ.

சரி, அந்த மொட்டு எங்கே இருக்கிறது? மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரே வருடத்தில் வழவழவென்று ஒரு முழம் ஓடிய கிளையில் பூவைத் தேடாதீர்கள். பழைய கிளைகளில் ஒரு சென்டிமீட்டர்கூட நீளாமல், மோதிரம் அடுக்கியதுபோல் சுருக்கம் விழுந்து, கட்டை குட்டையாக நிற்கும் குறுங்கிளைகள் இருக்கும். அவற்றின் நுனியில் கொஞ்சம் பருத்து, உருண்டையாக இருப்பதுதான் பூ மொட்டு. இலை மொட்டு அதைவிடச் சிறியது. இந்தக் குறுங்கிளைகளைப் பார்த்தால் ஏதோ காய்ந்துபோன முண்டு மாதிரித்தான் தெரியும், நானும் ஆரம்பத்தில் அசிங்கமாக இருக்கிறதே என்று ஒரு மரம் முழுக்க உட்கார்ந்து சுத்தம் செய்து, அப்புறம் இரண்டு வசந்தம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி இப்படிச் செய்யுங்கள். வசந்தத்தில் வரும் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்காமல் ஓட விடுங்கள். மரம் பரட்டைத் தலையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவேண்டும். கோடை நடுவில் அந்தத் துளிர் முற்றி, அடிப்பகுதி பழுப்பாகிக் கெட்டிப்பட்ட பிறகு, அடியில் இரண்டு மூன்று இலை விட்டு வெட்டுங்கள். சத்து அடிக் கணுக்களுக்குத் திரும்பும், அங்கேதான் நாளைக்குக் குறுங்கிளை உருவாகும். குளிர்காலத்தில் காய்ந்தது, குறுக்கே போவது தவிர எதையும் தொடாதீர்கள். உரத்திலும் ஒரு திருத்தம்: வசந்தத்தில் தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொட்டினால் மரம் இலையாகவும் நீளக் கிளையாகவும்தான் திருப்பித் தரும். கோடை பிற்பகுதியில் தழைச்சத்தைக் குறைத்து, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) உள்ளதாகக் கொடுங்கள். வெயிலும் முக்கியம், நிழலில் வைத்த ஹாத்தார்ன் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

இத்தனையும் செய்து பூக்கவில்லை என்றால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உங்கள் மரம் விதையில் வந்ததா?

கேள்வி: விதை போட்டுத் தொடங்க ஆசை. எத்தனை வருடத்தில் பூக்கும்?

பதில்: முளைக்கவே ஒன்றரை வருடம் ஆகலாம். இந்த விதையின் ஓடு கல் மாதிரி, அதற்கு முதலில் ஒரு வெதுவெதுப்பான காலம், அப்புறம் ஒரு நீண்ட குளிர், இரண்டும் கழிந்த பிறகுதான் முளை எட்டிப் பார்க்கும். முளைத்த கன்றும் இளமைப் பருவம் தாண்டாமல் பூக்காது, அதற்குப் பல வருடம் பிடிக்கும், சின்னச் சட்டியில் அடைத்துவைத்தால் இன்னும் தாமதம். வளர்ப்பதே சந்தோஷம் என்பவர்கள் விதை போடுங்கள். பூ வேண்டுமென்றால் ஏற்கெனவே பூத்த மரத்தின் கிளையில் விண்பதியம் (கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர் விட வைப்பது) போடுங்கள், அல்லது ஒட்டுக் கன்று வாங்குங்கள். அந்தக் கிளைக்கு வயது வந்துவிட்டது, வேர் பிடித்த பிறகும் அது மறக்காது. ‘பால்ஸ் ஸ்கார்லட்’ என்ற ரகம் ஒட்டுக் கன்றாகக் கிடைக்கும், சிவந்த அடுக்குப் பூ, பார்த்தால் குட்டி ரோஜாக் கொத்துதான். ஆனால் அதில் காய் பிடிப்பது அபூர்வம். இலையுதிர் காலத்துச் சிவப்புக் காய்க்கு ஆசைப்பட்டால் வெள்ளை ஒற்றைப் பூ ரகம் போதும். ஒட்டுக் கன்று வாங்கும்போது ஒட்டுப் போட்ட இடத்தில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், போன்சாயில் அந்த வீக்கம் ஆயுசுக்கும் கண்ணை உறுத்தும்.

கேள்வி: முள் கையைக் கிழிக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். ஹாத்தார்னில் முள் என்பது உருமாறிய கிளை, அதன் அடியில் ஒட்டினாற்போல் ஒரு மொட்டு இருக்கும், பிடுங்கினால் அதுவும் கூடவே வந்துவிடும். நுனியை மட்டும் நறுக்குங்கள். வடிவத்துக்காகக் கம்பி கட்டப்போகும் கிளையில் கட்டாயம் இதைச் செய்துவிடுங்கள், குத்திய இடம் சில பேருக்குச் சீழ் பிடிக்கும்.

கேள்வி: சட்டி எப்போது மாற்றுவது? இலையில் மாவு தூவினதுபோல் வெள்ளையாக வேறு இருக்கிறது.

பதில்: இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத் தொடக்கத்தில், மொட்டு வீங்கி இன்னும் விரியாத அந்தச் சில நாட்களில். வேரை நன்றாகக் குறைத்தால் அந்த வருடம் பூவில் கஞ்சத்தனம் காட்டும், பதற வேண்டாம். வெள்ளை மாவு சாம்பல் நோய். வேர் அடிக்கடி காய்ந்து, மேலே காற்றோட்டமும் இல்லாவிட்டால் வரும். மருந்தைத் தேடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்கள், ஆழமில்லாத சட்டியில் கோடையில் காலையும் மாலையும் ஊற்றவேண்டி வரலாம். நோய் பட்ட இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: வரவேற்பறையில் வைத்து வளர்க்கலாமா?

பதில்: முடியாது. குளிரில் தூங்கி எழாவிட்டால் இந்த மரத்துக்கு வசந்தம் வந்ததே தெரியாது. குளிர்காலமே இல்லாத இடம் என்றால் இதை விட்டுவிட்டு வேறு பூமரம் பாருங்கள். பூத்த சமயத்தில் ஒரு நாள் காட்சிக்கு உள்ளே கொண்டுவரலாம், ஆனால் மோந்து பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். பல ஹாத்தார்ன் பூக்களில் டிரைமெத்திலமைன் இருக்கிறது, அழுகும் மீனில் வருகிற அதே வாடை. ஈக்களுக்கு அது விருந்து அழைப்பு, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.